பத்தொன்பதாவது மீட்டர்

முதல் வாளி கான்கிரீட் விழுவதற்கு முன்
கணப்படுப்பைச் சுற்றி நின்றிருந்த எங்களிடம்
ஷோல்பான் சொன்னாள்:
"போகிறவர்கள் இப்போதே போங்கள்.
கோபமில்லை. இன்றுவரைக்கும் கூலி உண்டு.
ஒன்பது பகல், ஒன்பது இரவு.
அச்சு ஏறத் தொடங்கினால் நிறுத்த முடியாது.
நிறுத்தினால் பழைய சுவரும் புதிய சுவரும்
ஒட்டியதுபோல் இருக்கும், ஒட்டியிராது."

மூன்று பேர் போனார்கள்.
ஒருவன் மனைவிக்கு நாள் நெருங்கியிருந்தது.
ஒருவன், உயரம் எனக்குப் பயம் என்று
எல்லார் எதிரிலும் சொன்னான்.
மூன்றாமவன் எதுவும் சொல்லவில்லை.
மூவருக்கும் கை கொடுத்தாள்.
நான் போகவில்லை.
போகாததையே
இருப்பதாக எண்ணிக்கொண்டேன்.

என் வீட்டுப் பின்புறம்
நீராவிக் குளியல் குடில் ஒன்று,
நான்கு வருடமாய்க் கூரையில்லாமல்.
அலமாரியில் கொரிய மொழிப் புத்தகம்,
பதினொன்றாம் பக்கத்தில் பேருந்துச் சீட்டு.
ஒரு தேனீப் பெட்டி, தேனீ இல்லாமல்.
தேனீ விற்பவன் இன்னும் அழைக்கிறான்.
"வசந்தத்தில் பார்க்கலாம்" என்கிறேன்,
வசந்தத்திலும்.
பையில் கைபேசி; அதில்
அக்தாவ் துறைமுகத்து வேலை ஒன்று,
நான் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல்.

கோஸ்தனாய்ச் சமவெளியில் கோதுமைக் கிடங்கு.
மணிக்கு ஒரு சாண் ஏறும் அச்சு.
அதன் மேல் நின்று ஊற்றுகிறோம்,
வைப்ரேட்டரை இறக்குகிறோம், எடுக்கிறோம்.
கீழே ரயில் போகிறது,
பூரான் அளவில்.

ஐந்தாம் இரவு. வடகாற்று.
கைபேசி துடித்தது: அக்தாவ்.
திங்களுக்குள் பதில் வேண்டுமாம்.
எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
அவ்வளவு நேரமும் இடது கை
வைப்ரேட்டரைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது,
கான்கிரீட்டுக்கு வெளியே.
யாரும் பார்க்கவில்லை.

அச்சுக்கு ஒரு குணம் உண்டு.
செய்ததை ஆறு மணி நேரம் மறைத்து வைத்து
கீழ் விளிம்பில் வெளியே விட்டுவிடும்.
விடிகாலை, அடியில் தொங்கும் சாரத்தில்
சுவரை மெழுகிக்கொண்டிருந்த குல்யாஷ்
முணுமுணுத்த பாட்டை நிறுத்தினாள்.

பத்தொன்பதாவது மீட்டர், மேற்குப் பக்கம்.
பொத்தல் பொத்தலாய்
இரண்டு உள்ளங்கை அகலம்.
தேனீயே வராத பெட்டிக்காரன்
சிமெண்டில் கட்டிய தேனடை.

ஷோல்பான் இறங்கி வந்து பார்த்தாள்.
"அப்போது எங்கே இருந்தாய், மக்ஸுத்?"
"இங்கேதான்."
கொஞ்ச நேரம் என் பூட்ஸைப் பார்த்தாள்.
பிறகு ஏறிப் போய்விட்டாள்; கலவை காத்திருக்காது.
குல்யாஷ் கொத்தியெடுத்து, அடைத்து, தேய்த்து
"கோதுமை கொட்டாது, போ" என்றாள்.

மிச்சம் நான்கு இரவு.
கைபேசியைச் சமையற்கூடத்து
மாவு டப்பாவுக்குள் போட்டேன்.
வீரம் ஒன்றுமில்லை. தூக்கம் சொக்கியது.
முழங்கை மரத்தது.
ஏழாம் இரவு பனி தூவ,
தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு ஊற்றினோம்.
அப்போதுதான் கேட்டது:
கடைசிக் காற்றுக்குமிழும் வெளியேறியதும்
வைப்ரேட்டரின் முனகல்
ஒரு சுருதி மாறுகிறது.
ஐந்து வருடமாய் இதே வேலையில் இருக்கிறேன்.
அதுவரை கேட்டதில்லை.

நாற்பத்து மூன்று மீட்டரில்
மோட்டாரை அணைத்தார்கள்.
மௌனம் காதை அடைத்தது.
சூப் குடித்தோம். பதினான்கு மணி நேரம் தூங்கினேன்.

எழுந்ததும் அக்தாவுக்கு: "இல்லை."
தேனீக்காரனுக்கு: "இல்லை. வசந்தத்திலும் இல்லை."
"நல்லது" என்றான், வருத்தமே இல்லாமல்.
ஒவ்வொரு வருடமும் எனக்கென்று
ஒரு கூட்டத்தை ஒதுக்கி வைத்திருந்தானாம்.

கொரியப் புத்தகம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போயிற்று.
குடிலின் நடுவில் போய் நின்றேன்.
நாலு சுவருக்குள்ளும் பனி
தன் வீடு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.
இடிப்பதா, மூடுவதா என்று
சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.
பிறகு அளவு நாடாவை இழுத்து
பலகைகளை எண்ணத் தொடங்கினேன்.
உள்ளே கைபேசி அடித்தது.
பதினேழு, பதினெட்டு.